ஹார்ட் மேப்பிள்: பாலையும் முதிரையும் தெரிந்தவர்களுக்கு ஓர் அறிமுகம்

கனடாவிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டிக்குள் சொக்லேற்றோடும் மேப்பிள் பாணியோடும் சிலவேளை ஒரு வெள்ளைப் பலகையும் வரும். மரக்கறி வெட்டும் பலகை. தேக்கை விடச் சற்றுக் கனம், தடவினால் கண்ணாடி போல வழுவழுப்பு. "ஹார்ட் மேப்பிள், நல்ல வைரமான மரம்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். வன்னியில் ஒரு மாரி கழியும்போது அந்தப் பலகை வளைந்து மேசையில் ஆடத் தொடங்கும். கழுவி ஈரத்தோடு மூலையில் சாத்தியிருந்தால் கரும்புள்ளியும் விழும். வைரமான மரம் என்றார்களே, பிறகு ஏன் இப்படி?

மேப்பிள் கடினமான மரம்தான். ஆனால் நாங்கள் சொல்லும் பொருளில் அது வைரமான மரம் அல்ல. பாலையிலும் முதிரையிலும் கடினமும், உக்காமல் உளுக்காமல் நிற்கும் உறுதியும் சேர்ந்தே கிடைப்பதால் இங்கே இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். மேப்பிளைப் புரிந்துகொள்ள முதலில் அந்த இரண்டையும் பிரிக்க வேண்டும்.

வைரம் எங்கே இருக்கிறது?

ஒரு முதிரைக் குற்றியின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். பட்டைக்கு அடுத்து வெளிறிய ஒரு வளையம். அதற்கு உள்ளே பொன்னிறமான நடுப்பகுதி. வெளி வளையம் உயிருள்ள பகுதி. வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோவதும், மாச்சத்தைச் சேமித்து வைப்பதும் அதுதான். மரம் பருக்கப் பருக்க உள்ளே இருக்கும் பழைய பகுதி அந்த வேலையை நிறுத்திவிடும். நிறுத்தும்போது அதன் கலங்களுக்குள் பிசின், துவர்ப்புப் பொருள், எண்ணெய் போன்றவை படிகின்றன. இவை பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் நஞ்சு. அந்த நடுப்பகுதியைத்தான் வைரம் என்கிறோம். ஓடாவியார் நிலை செய்யும்போது வெள்ளையைச் செதுக்கி எறிவது அதில் மாச்சத்து இருப்பதால்தான். மாச்சத்து இருக்கும் இடத்தை வண்டு தேடி வந்து உளுக்க வைக்கும்.

பழைய தமிழ் இலக்கணம் இதைக் கவனித்திருக்கிறது. உள்ளே வைரம் உள்ளதை அகக்காழ், வெளியே வைரம் உள்ளதைப் புறக்காழ் என்று பிரித்து, முன்னதை மரம் என்றும் பின்னதைப் புல் என்றும் சொன்னது. பனை அந்தக் கணக்கில் புல். பனஞ்சலாகை அரிபவர்கள் உள்ளே இருக்கும் சோற்றை எறிந்துவிட்டு வெளிப்புறத்தை எடுப்பது அதனால்தான்.

மேப்பிளில் கதை தலைகீழ். அங்கே விலை போவது வெளி வளையத்து வெள்ளை மரம். நடுவிலுள்ள செம்பழுப்புப் பகுதியைத் தனியாகப் பிரித்துக் குறைந்த தரத்தில் விற்பார்கள். அந்த நடுப்பகுதியிலும் பூச்சியைத் தடுக்கும் பொருள் அதிகம் இல்லை. ஆகவே மேப்பிள் பலகை என்று உங்கள் கைக்கு வருவது, நாங்கள் முதிரையில் செதுக்கி எறியும் அதே பகுதி. கறையானும் உளுக்கும் வண்டும் ஈரப் பூஞ்சணமும் அதை விட்டுவைக்க எந்தக் காரணமும் இல்லை.

அப்படியென்றால் அதற்குக் கடினம் எங்கிருந்து வருகிறது? மரம் என்பது நெருக்கி அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. குழாயின் சுவர் தடிப்பாகவும் உள்வெளி சிறிதாகவும் இருந்தால் மரம் கனக்கும், அழுத்தத்தைத் தாங்கும். பூச்சியைத் தடுப்பது குழாய்க்குள் படிந்த பொருள். கடினத்துக்குக் காரணம் ஒன்று, உறுதிக்குக் காரணம் வேறொன்று.

எவ்வளவு கடினம்?

மரத்தின் கடினத்தை அளக்க ஜங்கா சோதனை என்று ஒன்று இருக்கிறது. 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் குண்டை மரத்தின் மேல் வைத்து, அது பாதி விட்டம் உள்ளே இறங்கும் வரை அழுத்துவார்கள். தேவைப்பட்ட விசைதான் கணக்கு. தேக்குக்கு ஏறத்தாழ 485 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஹார்ட் மேப்பிளுக்கு 660 கிலோ. முதிரைக்கு 1,190 கிலோ அளவு. அதாவது மேப்பிள் தேக்கை விடக் கடினம். முதிரைக்குப் பக்கத்தில் வைத்தால் பாதியை விடச் சற்றுக் கூட. ஆனால் தேக்குப் பலகை வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடக்கும். மேப்பிளை அப்படிப் போட்டால் விரைவில் உக்கிவிடும். இந்த ஒரு ஒப்பீடு மனதில் நின்றால் போதும், மரம் தெரிவு செய்வதில் பாதிப் பிழை வராது.

மரக்காலையில் கன அடிக் கணக்கில் வாங்குபவர்களுக்கு எடை இன்னும் எளிதாகப் புரியும். காய்ந்த மேப்பிள் ஒரு கன அடி 20 கிலோ. முதிரை 27 கிலோவுக்கு மேல். தண்ணீர் 28 கிலோ. பாலை தண்ணீரையும் தாண்டும். மூன்றிலும் ஒவ்வொரு துண்டைக் குளத்தில் போட்டால் மேப்பிள் நன்றாக மிதக்கும், முதிரை மட்டுமட்டாக மிதக்கும், பாலை அடிக்குப் போகும். பாலை முன்பு தண்டவாளத்தின் கீழ்க் கட்டையாகப் போனதற்கும், இன்றும் தூணுக்கும் வளைக்கும் தேடப்படுவதற்கும் இந்தக் கனமும், கறையானுக்கு மசியாத வைரமும் சேர்ந்த காரணம்.

மேப்பிள் என்ற பெயரைக் கேட்டதும் எல்லாம் ஒன்று என்று எண்ணக்கூடாது. ஹார்ட் மேப்பிள் என்பது முக்கியமாகச் சர்க்கரை மேப்பிள் என்ற ஓர் இனம். தாவரவியலில் ஏசர் சக்காரம். கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் பகுதிகளிலும், அமெரிக்காவின் வடகிழக்கிலும், பெரிய ஏரிகளைச் சுற்றியும் வளர்கிறது. சிவப்பு மேப்பிள், வெள்ளி மேப்பிள் போன்றவற்றைச் சொஃப்ட் மேப்பிள் என்று விற்பார்கள். பார்க்க ஒரே மாதிரி, ஆனால் கடினத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவு. விலைப்பட்டியலில் வெறும் மேப்பிள் என்று மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள்.

சர்க்கரை மேப்பிளின் பாணியும் அந்த வெள்ளைப் பகுதியிலிருந்துதான் வருகிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில் பட்டையைத் துளைத்து வடியும் சாற்றைக் காய்ச்சுவார்கள். ஒரு லீற்றர் பாணிக்குச் சுமார் 40 லீற்றர் சாறு வேண்டும். எங்கள் பாலையும் இனிப்புத் தரும் மரம்தான், ஆனால் அது பழத்தில் தருகிறது. மரத்துக்குள் பிடித்து வைப்பது துவர்ப்பை. பலகைக்காக மேப்பிளைத் தறிப்பது பெரும்பாலும் கடுங்குளிரில். வெப்பத்தில் தறித்துக் குற்றியாகப் போட்டு வைத்தால் இனிப்புள்ள அந்த வெள்ளை மரத்தில் பூஞ்சணம் ஏறிச் சாம்பல் நிறமாகிவிடும். நிறம் போனால் விலையும் போய்விடும்.

கடினத்தை விடப் பெரிய குணம்

மேப்பிளைப் பற்றிப் பேசுபவர்கள் கடினத்தையே முன்னுக்கு வைக்கிறார்கள். உண்மையில் அதன் சிறப்பு சீரான தன்மை. தேக்கின் வெட்டுமுகத்தைக் கூரான பிளேட்டால் ஒருமுறை சீவி வெளிச்சத்தில் பாருங்கள்: ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் பெரிய துளைகள், பிறகு சிறிய துளைகள். ஒரு வளையத்துக்குள்ளேயே மென்மையான பட்டையும் கடினமான பட்டையும் இருக்கும். மேப்பிளில் துளைகள் மிகச் சிறியவை. வளையம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கும். அதனால் எங்கே தொட்டாலும் ஒரே கடினம், எங்கே தேய்ந்தாலும் ஒரே அளவு தேய்மானம்.

இதைப் பிடித்துக்கொண்டால் பயன்கள் தானாக விளங்கும். கூடைப்பந்து உள்ளரங்கத் தளத்துக்கு மேப்பிள் போடுவது, ஆயிரம் சப்பாத்து உரசினாலும் பள்ளம் மேடு இல்லாமல் தேய்வதற்காகவும், சிலாம்பு கிளம்பிக் காலில் ஏறாது என்பதற்காகவும். போலிங் விளையாட்டுத் தளத்தில் குண்டு விழும் முன்பகுதியும், கட்டைகள் நிற்கும் கடைசிப் பகுதியும் மேப்பிள். குண்டு சும்மா உருளும் நடுப்பகுதிக்குப் பைன் போதும் என்று பிரித்துப் போட்டார்கள். பியானோவின் உள்ளே நூற்றுக்கணக்கான சிறு நெம்புகளும், கம்பி முறுக்கும் ஆணிகளைப் பிடித்து வைக்கும் கட்டையும் மேப்பிள். அளவு தவறாமல் நுணுக்கமாகச் செதுக்கலாம், ஆணிப்பிடி தளராது.

வயலினைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கோயில் திருவிழாவில் எல்லோரும் பார்க்கும் வாத்தியம். அதன் முகப்பு ஸ்புரூஸ் என்ற மென்மரம். பின்பலகை, பக்கச்சுவர், கழுத்து, கம்பிகளைத் தாங்கும் குதிரை எல்லாம் மேப்பிள். ஆனால் அது ஐரோப்பிய இனம், சர்க்கரை மேப்பிளின் உறவு. பின்பக்கம் புலிவரி போல மின்னும் கோடுகள் சாயத்தால் வந்தவை அல்ல. நார்கள் நேராக ஓடாமல் அலை அலையாக ஓடுவதால் வெளிச்சம் மாறி மாறிப் படுகிறது. விரல் ஓடும் கரிய பலகை கருங்காலி. உலகம் அதற்குத் தேடிய கருங்காலி வகைகளில் இலங்கைக் காட்டுக் கருங்காலியும் ஒன்று.

சமையலறைப் பலகைக்கு மேப்பிள் நல்லது என்பதற்கும் இதே காரணங்கள். நுண்துளை என்பதால் உணவு உள்ளே இறங்குவது குறைவு. வாசமோ சுவையோ இல்லை. கத்தி இறங்கும் அளவுக்கு மென்மை, பள்ளம் விழாத அளவுக்குக் கடினம். பாலையில் வெட்டும் பலகை செய்தால் பலகை வாழும், கத்தி வாழாது.

வன்னிக்கு வந்தால் ஏன் வளைகிறது?

இதுதான் அதிகம் பேர் இடறும் இடம். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஈரத்தை உறிஞ்சும், விடும். கனடாவில் குளிர்காலம் முழுவதும் சூடாக்கிய வீட்டுக்குள் காற்று மிகவும் வறட்சி. அங்கே சூட்டறையில் உலர்த்திய பலகையின் ஈரம் 6 முதல் 8 சதவீதம். கார்த்திகை, மார்கழி மழையில் எங்கள் வீடுகளுக்குள் அதே பலகை 14 சதவீதத்துக்கு மேலும் போகலாம்.

ஈரம் ஏறும்போது மரம் நீளத்தில் ஏறக்குறைய மாறாது, அகலத்தில் விரியும். எவ்வளவு என்பது பலகையை எப்படி அரிந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் சமாந்தரமாகக் கிடந்தால், ஈரம் ஒரு சதவீதம் ஏற ஹார்ட் மேப்பிள் தன் அகலத்தில் சுமார் 0.35 சதவீதம் விரியும். கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் 0.17 சதவீதம் அளவில்தான். கணக்குப் போடுவோம்: 300 மில்லிமீற்றர் அகலப் பலகை, ஈரம் 7 இலிருந்து 14 ஆகிறது. முதல் வகை 7 மில்லிமீற்றருக்கு மேல் விரிகிறது. இரண்டாவது வகை மூன்றரை மில்லிமீற்றர். பலகையின் முனையைப் பார்த்து வளையக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிப்பது பாதி வேலை. வளைவும் இங்கிருந்துதான் வருகிறது: ஒரே பலகையின் ஒரு முகம் கூட விரிந்து மற்றது குறைய விரிந்தால் பலகை கிண்ணம் போலாகும்.

இதைவிட மோசமான பிழை, காய்ந்த பலகையைச் சட்டத்துக்குள் நெருக்கி ஆணி அடிப்பது. மாரியில் அது விரியப் பார்க்கும், இடம் இருக்காது, நார்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். ஆவணி வெயிலும் சோளகக் காற்றும் வரும்போது அது சுருங்கும். நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது. முன்பை விடச் சின்னதாகிவிடும், நடுவே வெடிக்கும். பார்ப்பவர்கள் வெயில்தான் வெடிக்க வைத்தது என்பார்கள். பிழை மழைக்காலத்திலேயே நடந்துவிட்டது.

ஆகவே மேப்பிள் பலகை எதுவானாலும், வேலை தொடங்க முன் நீங்கள் பாவிக்கப்போகும் அறைக்குள் மூன்று நான்கு கிழமை வையுங்கள். நிலத்தில் அடுக்க வேண்டாம். ஓர் அங்குலத் தடிப்பான சலாகைகளை ஒன்றரை அடிக்கு ஒன்று குறுக்கே வைத்து, அதன் மேல் பலகை, மறுபடி சலாகை. சலாகைகள் ஒன்றுக்கு நேர் மேல் ஒன்று வரவேண்டும். ஈரமானி இல்லாவிட்டால் கடைத் தராசு போதும். ஒரு பலகையில் குறி போட்டுக் கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். இரண்டு கிழமை எடை மாறாமல் நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு ஒத்துவிட்டது. ஈரத்தின் சதவீதமே வேண்டும் என்றால் ஒரு சிறு துண்டை நிறுத்து, 103 பாகை சூட்டில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி நிறுங்கள். 115 கிராம் 100 கிராமானால் ஈரம் 15 சதவீதம்.

கனடாவில் பார்த்த வெள்ளை மரத்தளம் போல இங்கேயும் போட விரும்புவோர் இருக்கிறார்கள். சீமெந்துத் தளம் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். ஈரத்தடுப்பு விரிப்பு, கறையான் மருந்து, சுவரோரம் நான்கு பக்கமும் அரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி, நாள் முழுக்கச் சீரான காற்று, எல்லாம் இருந்தாலும் தளம் மாரிக்கும் கோடைக்கும் அசையும். எங்கள் கருத்தில் அந்தப் பணத்துக்கு இங்கே விளைந்த தேக்கு இதைவிட அமைதியாகக் கிடக்கும்.

வெட்டும் பலகையைக் காப்பாற்றுவது

கழுவும்போது இரண்டு பக்கமும் நனையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் விரியும். தண்ணீரில் ஊறப்போடக்கூடாது. துடைத்துவிட்டு விளிம்பில் நிறுத்தி வையுங்கள். இரண்டு முகமும் ஒன்றாகக் காயும். எண்ணெய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்குவிட் பரஃபின் நல்லது, அது கெடாது. தேங்காயெண்ணெய் கையில் கிடைக்கிறதே என்று பூசினால் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைத் துணியால் தேய்த்து, இரவு முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். முதல் கிழமை நான்கைந்து தடவை, பிறகு மாதம் ஒன்று. முனைகள் அதிகம் குடிக்கும், அங்கே கூடுதலாகப் பூச வேண்டும். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் போதும். பரவி இறங்கினால் மறுபடி பூசும் காலம்.

ஏற்கனவே வளைந்துவிட்டதா? பள்ளமான முகம்தான் அதிகம் காய்ந்த முகம். அந்த முகத்தைக் கீழே வைத்து, பிழிந்த ஈரத்துணி மேல் சில மணிநேரம் கிடத்துங்கள். நேரானதும் நிறுத்திக் காய விடுங்கள். கரும்புள்ளிக்கு உப்பும் தேசிக்காய்ச் சாறும் போட்டுத் தேய்த்து, போகாவிட்டால் 180 ஆம் இலக்க மட்டத்தாள்.

அதில் வேலை செய்ய

முதிரையில் பழகிய கைக்கு மேப்பிள் இலேசாகத் தெரியும். ஆனால் அதற்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. மின்வாளை நடுவில் நிறுத்தினாலோ வாய் மழுங்கியிருந்தாலோ வெட்டுமுகம் கருகும். வெள்ளை மரத்தில் அந்தக் கருகல் அப்படியே தெரியும், மட்டத்தாளால் இலேசில் போகாது. கூரான வாள், நிற்காத தள்ளுகை. திருகாணிக்கு முன்துளை கட்டாயம்: 4 மில்லிமீற்றர் ஆணிக்கு 3 மில்லிமீற்றர் துளை, ஆணியில் கொஞ்சம் சவர்க்காரம். இல்லாவிட்டால் ஆணியின் கழுத்து முறியும், அல்லது மரம் பிளக்கும். வெள்ளைப் பசை பூசுவதை, சீவுளி போட்ட அன்றே முடியுங்கள். மழுங்கிய கருவியால் பளபளக்கத் தேய்ந்த முகத்தில் பசை உள்ளே இறங்காது.

நிறம் ஏற்றுவதுதான் பெரிய தொல்லை. தேக்கு நிறமாக்கலாம் என்று சாயம் பூசினால் ஒரு இடத்தில் குடித்து மறு இடத்தில் மறுத்து, திட்டுத் திட்டாக நிற்கும். மேப்பிளை அதன் நிறத்திலேயே விடுவதே அழகு. வெள்ளையாகவே வேண்டுமென்றால் தண்ணீர் சேர்ந்த வார்னிஷ். எண்ணெய் வார்னிஷ் தேன் நிறமாக்கிவிடும். தூசிக்கு முகமூடி போடுங்கள். மேப்பிள் தூசி மூக்கையும் நெஞ்சையும் தாக்கும், முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் தரும்.

மேப்பிள் செய்யும் வேலைக்கு இங்கே என்ன இருக்கிறது? இறைச்சிக்கடைக் கொத்துக்கட்டைக்கு அங்கே மேப்பிள், இங்கே புளியங்கட்டை. நார் பின்னிக் கிடப்பதால் கத்தி பட்டுக் கட்டை பிளக்காது. வெளிறிய நிறமும் மென்மையான வெட்டும் வேண்டுமானால் தெற்கிலிருந்து வரும் றப்பர் மரம் அருகில் வரும். கடினத்தில் மேப்பிளின் மூன்றில் இரண்டு பங்கு, வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் அதே அளவு எளிய இரை, ஆகவே மருந்தேற்றிய பலகையாகப் பார்த்து வாங்குங்கள். நிலை, யன்னல், வெளிக்கதவு என்று மழை படும் எதற்கும் முதிரையோ தேக்கோதான். தூணுக்குப் பாலை, அவசரமாகக் காய வைத்தால் முகம் வெடிக்கும், முனைகளுக்குப் பெயின்ற் பூசி நிழலில் விடுங்கள். காட்டு மரம் எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தறிக்கவோ ஏற்றவோ கூடாது. வாங்கும்போது அந்தக் கடதாசியைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே விளைந்த மரத்தை அரிபவர்களுக்கு மேப்பிள் புத்தகங்களில் இல்லாத ஒரு கவனம் வேண்டும். போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்து, மேலே பட்டை மூடியிருக்கலாம். மின்வாளில் ஏற்ற முன் உலோகம் காட்டும் கருவியை நீளமாக ஓட்டுங்கள். கருவி இல்லாவிட்டால் வெட்டுமுகத்தைப் பாருங்கள்: துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு கிடந்தால் அதைச் சுற்றிக் கருநீலக் கறை நாரோடு ஓடியிருக்கும். அந்தக் கறை தெரிந்தால் வாளை நிறுத்தி, உளியால் தோண்டி எடுத்துவிட்டு அரியுங்கள்.